பிளாப்பியின் நெற்றி

சூடான கண்ணாடியின் மேல் சந்தனம் காயும்போது ஒரு வாசனை வரும். கோயில் வாசனை அல்ல. கல்யாண வீட்டு வாசனையும் அல்ல. கொஞ்சம் தூசி, கொஞ்சம் பன்னீர், கொஞ்சம் மின்சாரம், கருகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மரம்.

இந்த ஆயுத பூஜைக்கு மறுநாள், ராஜபாளையம் மதுரை ரோட்டில் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றபோது அந்த வாசனை முகத்தில் அறைந்தது. திரையின் நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். காவலுக்கு இருந்த பெரியவர் பெருமையாகச் சொன்னார்:

"கார்டு சொருகுற எடத்துல மட்டும் வைக்கலம்மா. போன தடவ அங்கயும் வச்சோம், மெசினு படுத்துருச்சு."

பணம் எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன். ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. எங்கே பொட்டு வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை அளவுக்குத் தாமதமாக.

போன வாரம் இந்தப் பத்தியில் மில் சங்கைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் வேறொன்றை எழுத உட்கார்ந்திருந்தேன். சந்தனம் விடவில்லை.

மாடிப்படி

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தின் பழையபாளையம் பகுதியில் ஒரு கட்டடம். கீழே உரக்கடை, மேலே கம்ப்யூட்டர் சென்டர். விஜயதசமிக் காலை. என்னோடு அங்கே பாடம் எடுக்கும் எஸ்தர் எனக்கு முன்னால் படியேறுகிறாள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். செருப்போடு போனால் கம்ப்யூட்டருக்குச் சீக்கு வரும் என்று எங்கள் முதலாளி நம்பினார். நாங்கள் அவரை சார் என்போம்.

சாமி படத்தின் முன் பொரியும் கடலையும் நமுத்துக் கிடந்தன. நேற்றுப் பூஜையில் வைத்த பிளாஸ்டிக் பெட்டியை எஸ்தர் எடுத்தாள். மூடியைத் திறந்தாள்.

"ஏட்டி வசந்தி, இங்க வந்து பாரேன்" என்றாள்.

குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவள் பார்த்ததைச் சொல்வதற்கு முன், பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன் ஒரு பச்சைத் திரைச்சீலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுதுவது இப்படித்தான்; நேராகப் போகும் கால் எனக்கு இல்லை.

பச்சைத் திரைச்சீலை

எண்பதுகளில் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையை ஒட்டி ஒரு வீடியோ கேம் கடை வந்தது. வாசலில் பச்சைத் திரைச்சீலை. பையன்கள் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போவார்கள், கண் சிவந்து வெளியே வருவார்கள். நாங்கள் பாவாடை தாவணியில் அந்த இடத்தை மெதுவாகக் கடப்போம். நிற்கக் கூடாது. நின்றால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ஒலிகள் வரும். ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழும். ஏதோ ஒன்று சாகும், உடனே உயிர்க்கும். அந்த ஒலிகளை வைத்து நான் ஒரு நகரம் கட்டினேன். கண்ணாடி ஆறு, இரும்புப் பறவைகள், செத்தவர்கள் எழுந்து மறுபடி வேலைக்குப் போகும் தெருக்கள்.

பல வருடம் கழித்து அதே விளையாட்டை ஒரு வீட்டில் பார்த்தேன். கறுப்பு வெளியில் சில கட்டங்கள், சில புள்ளிகள். அவ்வளவுதான். வெளியே நின்றவளுக்குத்தான் நகரம் கிடைத்தது.

இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. எங்களை உள்ளே விடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

திருப்பிப் பேசும் மெசின்

எஸ்தர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பா அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் சென்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தாள். நான் டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். சார் வீட்டில் தெலுங்கு. எங்கள் இருவரையும், பெண்ணே என்கிற பொருளில், "அம்மாயி" என்றுதான் கூப்பிடுவார். "எங்க பக்கம் அம்மாயின்னா பாட்டி சார். இன்னும் செத்த நேரத்துல பல்லு விழுந்துரும் எனக்கு" என்பாள் எஸ்தர். சார் சிரித்துக்கொண்டே மறுபடியும் அம்மாயி என்பார்.

யாரோ ஒரு மாணவன் ஒரு விளையாட்டைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்தான். ஆங்கில விளையாட்டு. படமே கிடையாது, வெறும் வார்த்தை. நீ ஒரு அறையில் நிற்கிறாய் என்று திரை சொல்லும். கதவைத் திற என்று நாம் அடிக்க வேண்டும். கதவு திறந்தது என்று அது சொல்லும்.

எஸ்தர் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதில் தொலைத்தாள். ஒருநாள் வழி தெரியாமல் எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தையை அடித்தாள். இப்படிப் பேசுகிறவர்களுக்குக் கதவு திறப்பதில்லை என்று மெசின் பதில் சொன்னது.

அவள் நாற்காலியிலிருந்து விழாத குறை. "ஏட்டி, திருப்பிப் பேசுதுட்டி! நம்ம வைவோம்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

பிறகு அமைதியாகி, "அந்த வீட்டு மச்சுப்படி எங்க ஒடஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். படமே பார்க்கல, ஆனா தெரியும்" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "நம்ம ஊர இப்பிடிப் போடுவமா?"

ஊருக்கு ஒரு பிளாப்பி

நான் வார்த்தைகளை எழுதினேன். அவள் அவற்றை நடக்க வைத்தாள். திரையில் தமிழ் எழுத்து வராத காலம். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தோம்.

கதாநாயகி ஒரு பெண். பெயர் இல்லை. புதையல் இல்லை, அரக்கன் இல்லை. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: 'எங்கே போற?' என்று யாரும் கேட்காமல் ஊரை விட்டு வெளியேற வேண்டும்.

இதில் எஸ்தர் வைத்த குறும்பு, விளையாட்டே ஒவ்வொரு தடவையும் உன்னிடம் அதைத்தான் கேட்கும். நீ அடுத்த சொல்லை அடிப்பதற்காகத் திரையில் காத்திருக்கும் வரி அதுதான். எங்கே போற? எங்கே போற? எங்கே போற?

'வடக்கே' என்று அடித்தால்: 'வடக்கேயா? இந்நேரத்திலா? சரி, போ. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டேன்.'

பஞ்சு மார்க்கெட்டுக்குள் போனால்: 'தலையெல்லாம் பஞ்சு. உனக்கு வயதாகிவிட்டது. தட்டினால் இளமை திரும்பும்.' தட்டினால்: 'திரும்பியது. மூக்கில் போய்விட்டது.'

சும்மா நின்றால்: 'நிற்காதே. நின்றால் இந்தப் புரோகிராமுக்கும் உனக்கும் ஏதோ இருக்கிறது என்பார்கள்.'

ராஜபாளையம் ஒரு பிளாப்பியில். ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னொரு பிளாப்பியில். அந்த மெசின்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரு பிளாப்பிக்குள் இரண்டு ஊர் அடங்கவில்லை. அதனால் பஸ் ஏறினால் திரையில் கண்டக்டர் வருவார்: 'ஊர் மாறுது. பிளாப்பிய மாத்து.' மாற்றினால் டிரைவ் கரகரவென்று அரைக்கும். எங்கள் ஊர் டவுன் பஸ் கியர் மாற்றும் அதே சத்தம். பிறகு கோபுரம் தெரியும்.

அங்கே ஒரு கடையில் பால்கோவா எடுத்தால் கை நெய்யாகிவிடும். நெய்க் கையோடு எந்தக் கதவும் திறக்காது, வழுக்கும். திருமுக்குளத்துக்குப் போய்க் கழுவலாம் என்று போனால், 'குளத்தில் தண்ணீர் இல்லை. இதை எழுதியவள் கோடையில் எழுதினாள். புடவையில் துடைத்துக்கொள்.'

ஒரு உலகத்தை நம்ப வைப்பது கோட்டையும் மலையும் இல்லை. கை வழுக்குவது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற உலகத்தை நாம் சந்தேகப்பட மாட்டோம். நம் ஊர் ஒருநாளும் அப்படிச் சிரிக்காது. அதனால்தான் வேறொரு ஊர் செய்தோம். அந்த ஊரில் எங்கள் பெண் கொட்டகையில் தனியாக இரண்டாம் ஆட்டம் பார்த்தாள். ஓட்டலில் தனியாகத் தோசை தின்றாள். அருவியில் தனியாகக் குளித்தாள். நாங்கள் ஒன்றுகூடச் செய்ததில்லை.

தெரியாத சொல்

எனக்கு வர்ணனை நீளும். எஸ்தர் வெட்டுவாள்.

"ஒரு தெருவுக்கு இம்புட்டு வரியாட்டி? மெமரின்னா என்ன, மில்லு கொடவுனா?"

போ, எடு, திற, தட்டு, பார் எல்லாம் விளையாட்டுக்குத் தெரியும். தெரியாததை அடித்தால், 'அந்தச் சொல் எனக்குத் தெரியாது. வேறு சொல்' என்று வரும். 'வா' என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னேன். அவள் மறுத்தாள்.

"வெளிய போறதுக்குன்னு ஒருத்தி பாடாப் படுதா. அவ யாரப் பார்த்து வான்னு சொல்லப் போறா? எடமில்ல."

ஜெயிக்க ஒரே வழி வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நின்று, எங்கே போற என்று திரை கேட்கும்போது எதுவுமே அடிக்காமல் எண்டர் தட்ட வேண்டும். பதில் சொல்லாமல் இருக்க வேண்டும். அப்போது திரை முழுக்க அழிந்து ஒரு வரி வரும்: 'இனி நான் கேட்கவில்லை. போ.'

சென்டருக்கு வந்த மாணவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. கேட்டால் பதில் சொல்லித்தானே வளர்ந்திருந்தோம்.

சாமி பார்க்கட்டும்

மெசின் பழுது பார்க்க மதுரையிலிருந்து ஒருவர் வருவார். அவர் ஒருநாள் இந்த விளையாட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியில் புரோகிராம் எழுத ஆள் எடுப்பதாகச் சொன்னார். "சர்ட்டிபிகேட்டெல்லாம் அவங்க பார்க்க மாட்டாங்கம்மா. இத எடுத்துட்டு வந்து ஓட்டிக் காட்டுங்க, போதும்."

தேதி வந்தது. விஜயதசமிக்கு மறுநாள்.

எஸ்தர் வீட்டில் நாசரேத்துப் பக்கம் ஒரு இரும்புக்கடை மாப்பிள்ளையைப் பேசிவைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா கெட்டவர் இல்லை. மருந்துக்கடையில் நான் நின்றிருக்கும்போதே அவளிடம் சொன்னார்: "அவிய வந்து கேட்டா நான் என்ன சொல்ல? எம்பிள்ளை கம்ப்யூட்டர்ல வெளையாடுதான்னா? மதுரையில வேல குடுத்தாகன்னா போ, நான் மறிக்கல. இல்லேன்னா கிறிஸ்மஸ் கழிஞ்சதும் கல்யாணம். பொறவு பேசக் கூடாது."

"பேச மாட்டேன்பா" என்றாள். பஸ்ஸில் என்னிடம், "எங்கப்பா நல்ல புரோகிராமு. இப்பிடின்னா இது, இல்லேன்னா அதுன்னு கரெக்டா எழுதி வச்சிருக்காரு" என்று சிரித்தாள்.

ஆயுத பூஜை அன்று புரட்டாசிக் கூட்டம் பஸ்ஸை அடைத்திருந்தது. மலைப் பெருமாளைப் பார்த்துத் திரும்பியவர்கள். அந்தக் கூட்டத்தில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இரண்டு ஊரும், இரண்டு ஊரின் நகலும் அதற்குள்.

மெசின்களுக்கெல்லாம் பட்டை போட்டுப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த சார் பெட்டியைப் பார்த்தார். "அம்மாயி, நாளைக் கழிச்சு இன்டர்வியூக்குப் போறது இதானே? வை. சாமி பார்க்கட்டும்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அவள் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள். "எந்தச் சாமி பார்த்தா என்ன, பார்த்தாச் சரி" என்று வைத்தாள். ஒரு நல்ல மனுசனை நோகடிக்கக் கூடாது என்று வைத்தாள்.

நாங்கள் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. கதவைப் பூட்டினார்கள்.

ரீட்ரை

மறுபடியும் அந்தக் காலை. அந்தப் பெட்டி.

அந்தக் கால பிளாப்பியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அப்பளம் மாதிரி சதுரமாக, கறுப்பாக, வளையும். அதில் ஒரு நீள்வட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியே உள்ளேயிருக்கும் தகடு பழுப்பாக மினுங்கும். மெசின் படிக்கும் இடம் அதுதான். விரல்கூடப் படக் கூடாது.

நாங்கள் போன பிறகு சார் ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் அந்த ஓட்டையில் கச்சிதமாகச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்து, மறுபடி உறையில் போட்டு அடுக்கியிருக்கிறார். நான்கிலும். ஒன்றைக்கூட விடவில்லை.

எஸ்தர் பஞ்சை ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் பரவியது. ராஜபாளையத்தை டிரைவில் போட்டாள்.

வந்தது. விளையாட்டு தொடங்கும் காந்தி சிலை வந்தது. எங்கே போற என்று கேட்டது. அவள் ஒவ்வொரு சொல்லாக அடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ் ஏறினாள். கண்டக்டர் சொன்னார்: 'ஊர் மாறுது. பிளாப்பிய மாத்து.'

ஸ்ரீவில்லிபுத்தூரைப் போட்டாள்.

டிரைவ் அரைத்தது. கியர் விழவில்லை. அரைத்துக்கொண்டே இருந்தது. பிறகு நாங்கள் எழுதாத ஒரு வரி: அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?

மறுபடி முயலச் சொல்லி ஆர் தட்டினாள். அதே வரி. மறுபடி ஆர். அதே வரி. சிரிக்கத் தெரியாத வரி.

நகலைப் போட்டாள். டிரைவுக்குள் சந்தனம் போய்விட்டிருந்தது. அது நகலையும் கீறியது. அடுத்த மெசினுக்குப் போனோம். அதுவும் சந்தனத்தைத் தின்றது. திரும்பி வந்து ராஜபாளையத்தைப் போட்டால் அதுவும் இல்லை. அவளுடைய பெண் இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள்.

அச்செடுத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் சென்டரில் பிரிண்டர் இல்லை.

சார் புது வேட்டியில், ஈரத் தலையோடு வந்தார். விஷயம் புரியப் புரிய அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"நெத்தி மாதிரி ஒரு எடம் இருந்துச்சேம்மா. அங்கதானே வைக்கணும்? மத்ததெல்லாம் கறுப்பா இருக்கு."

எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

"ஆமா சார்" என்றாள். "நெத்திதான் அது."

மதுரையில் சிரித்தார்கள்

வெறுங்கையோடு மதுரைக்குப் போனாள். நானும் போனேன்; உள்ளே நடந்ததை அவள் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் புரோகிராம் எங்கே என்றார்கள். எஸ்தர் நடந்ததைச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. அவளுக்கு அழத் தெரியாது. எங்கள் விளையாட்டு பேசுவது போலத்தான் அவளும் பேசுவாள். சாரின் குரலில் பேசிக் காட்டினாள். சந்தனம் அரைக்கும் டிரைவின் சத்தத்தை வாயால் செய்தாள்.

அறையே சிரித்தது. ஒருவர் பக்கத்து அறையிலிருந்து ஆளைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். அவளும் மறுபடி சொன்னாள், இரண்டாம் தடவை இன்னும் நன்றாகவே. வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டது. எனக்கு அப்போது நினைவு வந்தது பச்சைத் திரைச்சீலை.

"கையில காட்ட ஏதாவது இருக்கும்போது வாங்க" என்று அனுப்பினார்கள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறவளை எல்லோருக்கும் பிடிக்கும். வேலைக்கு வைத்துக்கொள்ள மட்டும் யாருக்கும் தோன்றாது.

திரும்பும் பஸ்ஸில், "மறுபடி எழுதிரலாம்ட்டி. வார்த்தையெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன்.

"ஒனக்கு வார்த்தை ஞாபகம் இருக்கும். எனக்கு எந்த வரி எந்த வரிக்குத் தாவும்னு ஞாபகம் இருக்கணும்ல. மாசக்கணக்காகும். அப்பா எத்தன மாசம் வச்சிருக்காரு?"



இப்போது என் தங்கை மகன் பெரிய திரையில் விளையாடுகிறான். மலை, மழை, புல்லின் நிழல் எல்லாம் அதில் இருக்கிறது. நாயகன் சட்டென்று திரும்பி, 'என்ன பார்த்துக்கொண்டே இருக்கிறாய், விளையாடு' என்கிறான். "பெரியம்மா, கேமே நம்மளக் கிண்டல் பண்ணுது பாத்தீங்களா! யாருக்கு இப்படித் தோணும்?" என்று அவன் பூரிக்கிறான். நான் ம் என்கிறேன். யாருக்குத் தோன்றியது என்று சொன்னால், காட்டு என்பான். என்னிடமும் காட்ட ஒன்றுமில்லை.

வேன்

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் கழற்றாத ஆலய வாசல், ஸ்ரீவில்லிபுத்தூர். வெள்ளைப் புடவையில் எஸ்தர். முகத்தில் பவுடர், அதில் வியர்வை போட்ட கோடுகள். இரும்புக்கடைக்காரர் சாதுவான ஆள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சாரும் வந்திருந்தார், கூட்டத்தின் கடைசியில், பரிசுப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

வேன் கிளம்பத் தயாரானது. தெருவே கூடி நின்றது. மருந்துக்கடைக்கு வருகிறவர்கள், பால்கோவாக் கடைக்காரர், அவளைத் தினமும் பஸ் ஸ்டாண்டில் மறித்து எங்கே போற என்று கேட்டவர்கள் எல்லோரும். இன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. எதுவும் அடிக்காமல் எண்டர் தட்டிய மாதிரி அவள் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். ஊர் வழிவிட்டது. ஜெயிப்பதற்கு அவள் வைத்த வழி சரியாகத்தான் வேலை செய்தது.

நான் ஜன்னல் பக்கம் ஓடினேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்கு எப்போதும் வரிகள் நீளும். வேன் உறுமிய அவசரத்தில் ஊரெல்லாம் சொல்வதைத்தான் சொன்னேன்.

"போயிட்டு வா எஸ்தரு."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அந்தச் சொல் எனக்குத் தெரியாது" என்றாள். "வேறு சொல்."